ரெகுலர் பிபிஏ என்று சொல்லிச் சேர்த்தார்கள், பதிவாகியிருந்ததோ ஆன்லைன் படிப்பு: ஓர் எச்சரிக்கை

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு பிபிஏ படிப்புக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, "பிபிஏ ஏவியேஷன்", "பிபிஏ லாஜிஸ்டிக்ஸ்", "பிபிஏ ஏர்போர்ட் மேனேஜ்மென்ட்" என்ற பெயர்களில், கல்லூரி என்ற சொல்லைத் தவிர்த்து அகாடமி என்றோ இன்ஸ்டிடியூட் என்றோ பெயர் வைத்துக்கொண்டு, வணிக வளாகங்களின் மாடிகளில் இயங்கும் நிறுவனங்களில் பிள்ளைகளைச் சேர்க்க நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். என் அக்காள் மகள் கோயம்புத்தூரில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் ஒரு கல்வியாண்டையும் 1,65,200 ரூபாயையும் பறிகொடுத்திருக்கிறாள். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரையோ, அவர்கள் பயன்படுத்திய வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை.

அவள் ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் பிரிவில் படித்தவள். பொதுத்தேர்வுக்கு முன்பாகவே, "உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி" என்ற பெயரில் அந்நிறுவனத்தார் பள்ளிக்கு வந்து, விமான நிலையத்தில் கோட்டும் டையுமாக நிற்கும் இளைஞர்களின் படங்களைக் காட்டிப் பேசிவிட்டு, எல்லா மாணவர்களின் கைப்பேசி எண்களையும் எழுதி வாங்கிச் சென்றார்கள். முடிவுகள் வந்த அன்று மாலையே அழைப்பு வந்தது. நேரில் சென்றபோது வரவேற்பறைச் சுவரில் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழும், மத்திய அரசு முத்திரையுடன் கூடிய உத்யம் பதிவுச் சான்றும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன என்று அக்காள் சொன்னார். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்குத் தரப்படும் சான்று மட்டுமே. உத்யம் என்பது எந்தச் சிறுதொழில் நடத்துபவரும் இணையத்தில் கட்டணமின்றித் தாமே செய்துகொள்ளக்கூடிய பதிவு. இரண்டுக்கும் பட்டப்படிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், சந்தையில் காய்கறி தரம் பிரிக்கும் ஒருவருக்கும் லாரி ஓட்டும் ஒருவருக்கும் அசோகச் சின்னத்துடன் ஒரு தாளைக் காட்டினால், அது எதற்கான தாள் என்று அவர்கள் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அந்த நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும்.

"ரெகுலர் டிகிரிதானா?" என்று என் மாமா வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார். "தினமும் வகுப்பு, யூனிஃபார்ம், ஹாஸ்டல் எல்லாம் இருக்கிறது, ரெகுலர் இல்லாமல் என்ன?" என்று பதில் வந்திருக்கிறது. வகுப்பு தினமும் நடந்தது உண்மைதான். காலையில் மூன்று மணி நேரம் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, எக்செல், ஆளுமை வளர்ச்சி, விமான நிலையக் குறியீடுகள். கணக்கியலும் வணிகச் சட்டமும் பிடிஎஃப் கோப்புகளாக வாட்ஸ்ஆப்பில் வந்தன.

முதல் சந்தேகம் புதுமைப் பெண் திட்டத்தில் எழுந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அவளுடன் படித்து, பழனியிலும் திண்டுக்கல்லிலும் கல்லூரியில் சேர்ந்த தோழிகளுக்கெல்லாம் வங்கிக் கணக்கில் பணம் வரத் தொடங்கியபோது, இவளுக்கு மட்டும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "சர்வர் பிரச்சினை, அடுத்த மாதம் சேர்ந்து வரும்" என்றார்கள். தமிழ்நாட்டில் உள்ள கல்லூரிகள் தங்கள் மாணவர்களை யூமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவின் வழியாகவே இந்த உதவித்தொகை வழங்கப்படுகிறது. "உன் யூமிஸ் எண் என்ன?" என்று தோழி ஒருத்தி கேட்டபோதுதான் தன்னிடம் அப்படி ஒரு எண்ணே இல்லை என்பது இவளுக்குத் தெரிந்தது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இதே நிலைதான்.

அடுத்து வங்கி. இரண்டாம் தவணைக்குக் கல்விக்கடன் கேட்டுச் சென்றபோது, நிறுவனம் தன் சொந்த லெட்டர்பேடில் கொடுத்திருந்த போனஃபைடு சான்றிதழை மேலாளர் ஏற்கவில்லை. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமோ அதனோடு இணைவு பெற்ற கல்லூரியோ தர வேண்டிய சான்று இது என்று சொல்லிவிட்டு, கட்டண ரசீதைக் காட்டச் சொன்னார். அந்த ரசீதில்தான் முழு விஷயமும் இருந்தது. "பயிற்சிக் கட்டணம் 1,40,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 25,200" என்று அச்சிட்டிருந்தார்கள். சட்டம் அங்கீகரிக்கும் பட்டத்துக்கான கல்வியை ஒரு கல்வி நிறுவனம் தன் மாணவர்களுக்கு வழங்கும்போது அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. தனியார் பயிற்சி மையங்களுக்குத்தான் 18 சதவீதம். ஆக, வரித்துறையிடம் தன்னைப் பயிற்சி மையம் என்று அறிவித்துக்கொண்ட நிறுவனம், பெற்றோரிடம் தன்னைக் கல்லூரிபோலக் காட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளையின் பட்டப்படிப்புக் கட்டண ரசீதில் ஜிஎஸ்டி என்ற வரி இருந்தால், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் அதைப் பற்றிக் கேளுங்கள்.

அன்று மாலை அவளுடைய கைப்பேசியில் இருந்த பழைய குறுஞ்செய்திகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேர்ந்த சில வாரங்களில், அலுவலகத்தில் இருந்த பெண் ஆதார் ஓடிபி கேட்டு வாங்கி, "ஏபிசி ஐடி போடுகிறோம், எல்லாக் கல்லூரியிலும் இப்போது கட்டாயம்" என்று சொல்லியிருக்கிறார். ஏபிசி என்ற மதிப்பெண் வங்கிக் கணக்கு எல்லா மாணவர்களுக்கும் உரியதுதான், அதில் தவறில்லை. ஆனால், அதன் தொடர்ச்சியாக டெப் ஐடி என்ற இன்னொரு எண்ணும் உருவாக்கப்பட்டிருந்தது. டெப் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு. தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைன் படிப்பிலோ சேர்பவர்களுக்கு மட்டுமே அந்த எண் தேவை. நேரடிக் கல்லூரியில் சேரும் எவரிடமும் அதைக் கேட்கமாட்டார்கள். அந்த எண்ணோடு பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியபோது, அவள் தங்கள் ஆன்லைன் பிபிஏ படிப்பில் பதிவு செய்திருப்பதாகவும், கோயம்புத்தூரில் தங்களுக்கு எந்த வளாகமும் கிடையாது என்றும் பதில் வந்தது. அவர்களுடைய இணையதளத்தில் போட்டிருந்த ஓராண்டுக் கட்டணம், எங்களிடம் வாங்கியதில் நான்கில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் போலி அல்ல. மானியக் குழு அவ்வப்போது வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் அதன் பெயர் இல்லை; ஆன்லைன் படிப்பு நடத்த அதற்கு அனுமதியும் இருக்கிறது. அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனில் தரும் பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழுவே 2022இல் அறிவித்திருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு ஆன்லைன் படிப்பும், இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் தொலைதூரப் படிப்புகளும் மரியாதையான வழிகள்தாம். தெரிந்தே அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டில் இருந்தபடி நேரடியாகச் சேர்ந்திருக்கக்கூடிய ஒரு படிப்பை, கோட்டு மாட்டிவிட்டு, விடுதியில் தங்கவைத்து, ரெகுலர் என்று பொய் சொல்லிப் பல மடங்கு விலைக்கு விற்றதுதான் மோசடி. பெற்றோரில் பலர் பல்கலைக்கழகத்தின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, போலி இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். இந்த வியாபாரம் அந்த நிம்மதியை நம்பித்தான் நடக்கிறது. பிள்ளை தினமும் சென்று அமரப்போகும் அந்தக் கட்டடத்துக்கும் பட்டத்தில் அச்சாகப்போகும் பெயருக்கும் என்ன சட்ட உறவு என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த உறவு மிகச் சில வகைகளில்தான் இருக்க முடியும். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. கட்டடம் அவற்றின் சொந்த வளாகமாக இருக்க வேண்டும். அல்லது பாரதியார், மதுரை காமராசர் போன்ற ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரியாக இருக்க வேண்டும். இணைவு பெற்ற கல்லூரிகளின் பட்டியலை அந்தந்தப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. மேலும், 2024–25 கல்வியாண்டு முதல் பிபிஏ, பிசிஏ படிப்புகள் ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளதால், பிபிஏ நடத்தும் கல்லூரியின் பெயர் அந்தக் குழுவின் தளத்திலும் இருக்கிறதா என்று பார்க்கலாம். வேறொரு மாநிலத்தின் சட்டத்தால் அமைந்த தனியார் பல்கலைக்கழகத்தின் "சென்னை சென்டர்" என்றோ "கோவை கேம்பஸ்" என்றோ எவராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுவது நல்லது. சத்தீஸ்கர் தனியார் பல்கலைக்கழகங்கள் தொடர்பாகப் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ஒரு மாநிலத்தின் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே கடை பரப்ப முடியாது. தொலைதூரக் கல்வியையும் ஆன்லைன் கல்வியையும் வேறொருவருக்கு ஃபிரான்சைஸாகக் கொடுத்து நடத்துவதை 2020ஆம் ஆண்டின் விதிமுறைகள் தடை செய்கின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்து ஆங்கிலத்தில், "இந்நிறுவனம் திறன் பயிற்சி மட்டுமே வழங்குகிறது, பட்டம் மாணவரின் விருப்பப்படி வேறு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யப்படும், கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற பொருளில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழ்களையும் கேட்டபோது, மீதமுள்ள இரண்டு ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத அந்த உரிமை ஒரு பயிற்சி மையத்துக்கு எங்கிருந்து வந்தது? திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்து, அதன் நகலோடு காவல் நிலையத்துக்கும் சென்ற பிறகுதான் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. இதே நிலையில் இருப்பவர்கள் இந்த வழியை முதலிலேயே எடுக்கலாம். அந்த அலுவலகத்தின் வாசலில் காத்துக் கிடப்பதில் பயனில்லை. சான்றிதழ் இல்லாமல் அடுத்த இடத்தில் சேர முடியாது என்பதால், பணத்துக்கான சண்டையையும் சான்றிதழுக்கான சண்டையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஏற்கெனவே இப்படிச் சேர்ந்து ஓராண்டோ இரண்டாண்டோ முடித்தவர்கள், கோபத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக எழுதி, பதிவு எண், படிப்பின் வகை, தேர்ச்சி பெற்ற பாடங்கள், அவர்களுக்கு உண்மையில் வந்து சேர்ந்த கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவு முறையானது என்றால், இடைத்தரகரை விலக்கிவிட்டு மீதிப் படிப்பை நேரடியாக முடித்துவிட முடியும். அவளுக்கும் அந்த வழி இருந்தது. ஆனால் கல்லூரிக்குச் சென்று படிக்கவே விரும்புகிறாள் என்பதால், இந்த ஆண்டு அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் பிபிஏவுக்கும் பி.காம் படிப்புக்கும் விண்ணப்பித்திருக்கிறாள்.

வழக்கை நாங்கள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தொடர்ந்தோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதில் மனுவில், தாங்கள் ஒரு கல்வி நிறுவனம் என்றும், கல்வி என்பது நுகர்வோர் சேவை ஆகாது என்றும், ஆகவே ஆணையத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமே இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரமாட்டா என்று சொன்ன தேசிய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பே, பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு கிடையாது என்றும் சொல்கிறது. எங்கள் தரப்பில் அந்தத் தீர்ப்பின் நகலோடு, அவர்களே ஜிஎஸ்டி போட்டுக் கொடுத்த ரசீதையும், அவர்களுடைய படிவத்தின் பின்பக்கத்தையும் ஆவணங்களாகச் சேர்த்திருக்கிறோம். விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.