மணிச்சத்துச் சிக்கனம்: சம்பா கோதுமையும் குட்டைக் கோதுமையும்

பழைய சம்பா கோதுமை உரமில்லாமலே விளையும், 1960களின் நடுவிலிருந்து வந்த குட்டை ரகங்களுக்கோ உரத்தைக் கொட்ட வேண்டும் என்று நீலகிரியில் சொல்வதுண்டு. மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். மண்ணிலிருந்து வேர் எவ்வளவு எடுக்கிறது என்பதும், எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு தானியம் தருகிறது என்பதும் தனித்தனித் திறன்கள்.

இரண்டாவதில் குட்டை ரகங்களின் கை ஓங்கியிருக்கிறது. நெடிய பழைய ரகங்களில் பயிரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தானியமாகிறது. ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையின் வழிவந்த ரகங்களில் அது பாதியை நெருங்குகிறது. அவற்றின் தானியத்தில் மணிச்சத்துச் செறிவு சற்றுக் குறைவாக இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. அதன் பெரும்பகுதி நம் உடலால் எளிதில் செரிக்க முடியாத பைட்டேட் என்னும் சேர்மம்தான். ஆனால் வளமற்ற நிலத்தில் விதைக்கும் விதையில் அது குறைந்தால் நாற்றின் தொடக்க வளர்ச்சி தளரக்கூடும்.

முதல் திறனைப் பற்றித்தான் இங்கே அதிகம் யோசிக்க வேண்டும். நம் மலையின் புளிப்புச் செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள், இட்ட சூப்பர் பாஸ்பேட் உரத்திலுள்ள மணிச்சத்தின் பெரும்பகுதியை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மணிச்சத்து மண்ணில் சில மில்லிமீட்டருக்கு மேல் நகராததால் வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும், அந்த வேரின் நுனியையோ கரைந்த அலுமினியம் முடக்கிவிடுகிறது. மாலிக் அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தைச் செயலிழக்கச் செய்யும் ரகங்களே இங்கே தாக்குப்பிடிக்கும். பிரேசிலின் புளிப்பு மண்ணில் உருவான பழைய நெடிய ரகங்கள் பலவற்றுக்கு அந்தத் திறன் உண்டு. ஆனால் அதற்குக் காரணமான முக்கிய மரபணு, ரொட்டிக் கோதுமையில் உள்ள மூன்று மரபணுத் தொகுதிகளில் ஒன்றான டி தொகுதியில் இருக்கிறது. சம்பா கோதுமைக்கு அந்தத் தொகுதியே கிடையாது. ஆகவே பழையது என்பதாலேயே சம்பாவின் வேர் வல்லது என்று கொள்ள முடியாது. ஒரு டன் தானியம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ பாஸ்பரஸை நிலத்திலிருந்து கொண்டுபோகும் என்பதால், விளைச்சல் குறைந்த பயிருக்குத் தேவையும் குறைவு. சம்பாவின் சிக்கனப் பெயருக்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

துருநோயைத் தாங்காத ரகம் எவ்வளவு சிக்கனமானதாக இருந்தாலும் இம்மலைக்கு உதவாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதில் சம்பாவின் மதிப்பு பெரிது. வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் தந்த எச்.டபிள்யூ. 1098, சம்பா இனத்திலேயே அமைந்த குட்டை ரகம்.

மலை உருளைக்கிழங்குக்கு எக்டேருக்கு 240 கிலோ மணிச்சத்து (உரக் கணக்கில் P₂O₅) பரிந்துரைக்கப்படுகிறது; அதில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே கிழங்கு எடுத்த நிலத்தில் மண் பரிசோதனை செய்து, மணிச்சத்தைக் குறைத்துக் குட்டை ரகம் விதைப்பதையே நான் பரிந்துரைப்பேன். உரம் காணாத மேட்டு நிலத்தில், எந்த ரகமானாலும், முதலில் சுண்ணாம்பும் தொழுவுரமும் இட வேண்டும். புளிப்பு மண்ணில் மெல்லக் கரையும் ராக் பாஸ்பேட்டும் அங்கே பயன்தரும்.