பட்டை வண்டுக்கு வேவு: விமானமா, தூண்டில் மரமா, புனல் பொறியா?

பட்டைக்கடியில் துளைத்து மரத்தைக் கொல்வது பட்டை வண்டு. பைன் மரம் சிவந்து நிற்பதைப் பார்த்ததும் "வண்டு வந்துவிட்டது" என்கிறோம். பல சமயம் அது வந்து, வேலையை முடித்து, கிளம்பியும் இருக்கும். வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டு கோடையில் துளைத்த மரம் குளிர்காலம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். ஊசியிலை சிவப்பது மறு ஆண்டில்தான். விமானத்திலிருந்து எடுக்கும் கணக்கின் பலவீனம் இதுதான். எந்தச் சரிவில் எவ்வளவு மரம் போனது என்று காட்ட அதை மிஞ்ச எதுவும் இல்லை. இந்த வசந்தத்தில் வண்டு பெருகுமா என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

பதில் வேண்டுமானால் வண்டின் மோப்பத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். வயலில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை நினைத்துக்கொண்டு இதை அணுகக் கூடாது. அங்கே பெண்ணின் வாசனைக்கு ஆண் அந்துப்பூச்சி மட்டும் வரும். இங்கே இருப்பது ஊர்கூட்டும் வாசனை. ஆணும் பெண்ணும் சேர்ந்தே வந்து இறங்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் தெற்குப் பைன் வண்டுக்கு ஃப்ரண்டலின், மலைப் பைன் வண்டுக்கு டிரான்ஸ்-வெர்பினால் என்று ஆளுக்கொரு கலவை. கூடவே பைன் பிசினின் வாசனையும் சேர்ந்தால்தான் கூட்டம் களைகட்டும்.

இந்த வாசனைப் பொட்டலத்தைத் தூண்டிலாக நேரே உயிருள்ள மரத்தில் ஆணியடித்து மாட்டலாம். வண்டு குறைவாக உள்ள காட்டில் இருக்கிறதா இல்லையா என்று அறிய இது நல்ல வழி. ஆனால் எத்தனை வந்தன என்று எண்ண முடியாது, மரமும் பெரும்பாலும் போய்விடும். அந்த மரம் நிரம்பியதும் பின்னால் வரும் வண்டுகள் பக்கத்து மரங்களில் ஏறும். அடுத்த தலைமுறை பறக்கும் முன் வெட்டி அப்புறப்படுத்த ஆளும் வண்டியும் தயாராக இல்லையென்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள். நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதையாகிவிடும்.

என் ஓட்டு புனல் பொறிக்கு. பூச்சியியலாளர் லிண்ட்கிரென் 1983இல் விவரித்த வடிவம் இது: கறுப்புப் புனல்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கும். வண்டின் கண்ணுக்கு அது ஒரு அடிமரம். மோதி வழுக்கி அடியிலுள்ள குவளையில் விழும். பைன்களிலிருந்து தள்ளி, பைன் அல்லாத மரங்களுக்கு நடுவே கட்ட வேண்டும். ஒட்டிக் கட்டினால் இதுவும் தூண்டில் மரத்தின் கதைதான். குவளையில், விழும் பூச்சியைக் கொன்று கெடாமல் வைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஊற்றி வைப்பது நல்லது. உலர்ந்த குவளையில் உயிரோடு விழும் வேட்டை வண்டுகள் நம் கணக்கைத் தின்று தீர்த்துவிடும்.

அந்த வேட்டை வண்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சங்கதியே அவற்றில்தான் இருக்கிறது. குவளையைத் தட்டில் கவிழ்த்தால் தெற்குப் பைன் வண்டு அரிசிமணியைவிடச் சிறிய பழுப்புத் துணுக்குகளாகக் கிடக்கும், நீளம் 2 முதல் 4 மில்லிமீட்டர். நடுவே கொஞ்சம் பெரிதாக, செம்மையும் கறுப்பும் வெள்ளைப் பட்டையுமாக இருப்பது தனாசிமஸ் என்ற வேட்டை வண்டு. இரை கூடுமிடம் தெரிய அதே வாசனையை அதுவும் மோப்பம் பிடிக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1980களிலிருந்து வசந்தத்தில் பொறி வைத்து இரண்டையும் எண்ணுகிறார்கள். பைன் வண்டின் எண்ணிக்கையும் இரண்டின் மொத்தத்தில் அதன் பங்கும் சேர்ந்து உயர்ந்தால் அந்த ஆண்டு தொல்லை என்று கணிப்பு. வேட்டை வண்டு மிகுந்திருந்தால் பெருக்கம் அடங்கும் வாய்ப்பு அதிகம். விமானமும் தூண்டில் மரமும் இந்த விகிதத்தைத் தரவே முடியாது.

குறை இல்லாமல் இல்லை. வெயில் ஏறினால் தூண்டில் சீக்கிரம் ஆவியாகித் தீரும். அப்போது குவளை காலியாக இருப்பதை வண்டு இல்லை என்று படித்துவிடுவோம். இன்னொன்று, காடே வண்டு மயமாகிவிட்டால் உண்மையான மரங்களிலிருந்து எழும் வாசனையோடு நம் சின்னப் பொட்டலம் போட்டியிட முடியாது. அந்தக் கட்டத்தில் காலால் நடந்து, அடிமரத்தில் துருத்தும் பிசின் உருண்டைகளையும் பட்டை இடுக்கில் படிந்த துளைத்தூளையும் தேடுவதே வழி. சந்தேகம் வந்தால் பட்டையைக் கொஞ்சம் பெயர்த்துப் பாருங்கள்: வளைந்து நெளிந்து பின்னிய தடம் தெற்குப் பைன் வண்டுடையது, மேல்நோக்கி நேரே ஓடும் தடம் மலைப் பைன் வண்டுடையது.