நூல் பிடித்து மலை ஏறினோம்: பினாங்கில் ஒரு ரோகெய்னிங் அனுபவம்

ஜார்ஜ்டவுனில் 28 ஆண்டுகளாகத் தையல் கடை நடத்துகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு, தாவரவியல் பூங்காவை ஒட்டிய மலைக்காட்டில் நடந்த மூன்று மணி நேர ரோகெய்னிங்கில் கலந்துகொண்டேன். கட்டணம் தலைக்கு 45 ரிங்கிட். கொடுத்த காசு வீணாகவில்லை.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ரோகெய்னிங் என்பது வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் கொடிகளைத் தேடிப் போய் மதிப்பெண் சேர்க்கும் குழு விளையாட்டு. காட்டில் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக, எண் போட்ட சிறு துணிக் கொடிகள் தொங்கும். எண்ணின் முதல் இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் அதன் மதிப்பெண்; 64ஆம் கொடிக்கு 60. எதற்குப் போவது, எந்த வழியில் போவது என்பதெல்லாம் நம் முடிவு. குழுவாகத்தான் போக வேண்டும், பிரியக்கூடாது. ஜிபிஎஸ்ஸுக்கு அனுமதி இல்லை. தாமதமாகத் திரும்பினால் மதிப்பெண் குறையும். ஆஸ்திரேலியாவில் 1976இல் ராட், கெயில், நீல் என்ற மூவரின் பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து இந்தப் பெயரை உருவாக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, புறப்படுவதற்கு முந்தைய 40 நிமிடம். வரைபடத்தைக் கையில் கொடுத்து, திட்டம் போடச் சொல்லிவிடுகிறார்கள். அதில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 150 மீட்டர். பையில் இருந்த சிவப்பு நூலை எடுத்து, கொடிக்குக் கொடி குண்டூசி குத்தி வளைத்தேன். 68 சென்டிமீட்டர் வந்தது. பத்துக் கிலோமீட்டருக்கும் மேல். ஏற்ற இறக்கத்தில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. இரண்டு கொடிகளை விட்டுவிட்டு நூலை 56க்குக் குறைத்தேன்.

64ஆம் கொடியில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். "அத்தை, நேராக இறங்கி ஏறினால் 300 மீட்டர்தான்" என்றான். "கோடுகளை எண்ணிப் பார், தம்பி" என்றேன். சம உயரக் கோடுகள் புடவைக் கொசுவம் போல நெருங்கிக் கிடந்தன. இறங்க ஐந்து, ஏற ஐந்து. ஒரு கோட்டுக்குப் பத்து மீட்டர் உயரம். முகட்டுப் பாதையில் சுற்றினால் 700 மீட்டர், ஆனால் ஏற்றமே இல்லை. சுற்றித்தான் போனோம். 16 நிமிடத்தில் கொடி கிடைத்தது. பள்ளத்தில் இறங்கிய குழு பின்னால் வந்து சேர்ந்தபோது, பிரம்பு முள் கிழித்து அவர்களுடைய சட்டைக் கை நூல் நூலாகத் தொங்கியது. முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போங்கள்; அட்டைக்கும் அதுதான் காப்பு.

திசைகாட்டி பழகவும் பினாங்கு நல்ல இடம். முள் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இங்கே ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லை. திருத்தக் கணக்குப் போடாமலே வரைபடத்தோடு பொருத்தலாம்.

குறை இரண்டு. மேட்டில் வைத்திருந்த தண்ணீர் பத்தரை மணிக்கே தீர்ந்துவிட்டது. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் இருக்கும் நிகழ்ச்சியில் இதை ஏற்க முடியாது. நான் ஒன்றரை லிட்டர் சுமந்து போனதால் பக்கத்தில் இருந்த ஒரு சிறுமிக்கும் கொடுக்க முடிந்தது. இன்னொன்று, வரைபடம் பழையது. 71ஆம் கொடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை தாளில் இருந்தது, தரையில் இல்லை. ஈரச் சருகில் 25 நிமிடம் தேடினோம். அவனுக்கு விட மனமில்லை, எனக்கும்தான். ஆனாலும் திரும்பினோம். நிமிடத்துக்குப் பத்து மதிப்பெண் போகும் என்றால் வேறு வழியில்லை. ஆறு நிமிடம் மிச்சம் வைத்து, 410 மதிப்பெண்ணோடு வந்து சேர்ந்தோம்.

அடிவாரத்தில் சூடாகப் பச்சைப்பயறு கஞ்சி கொடுத்தார்கள். குடித்துக்கொண்டிருந்தபோது, 71ஐக் கண்டுபிடித்த ஒரு முதிய தம்பதி எங்கள் வரைபடத்தை வாங்கி, அந்தப் பாதை இப்போது எங்கே திரும்புகிறது என்று பென்சிலால் வரைந்து காட்டினார்கள். விழுந்து கிடந்த மரத்துக்கு அந்தப் பக்கம். நாங்கள் நின்று தேடிய இடத்திலிருந்து முப்பது அடி இருக்கும்.