நேற்றைய பூமி: டார்க்ரூம்காரன் பார்த்த நாசா வேர்ல்ட்வியூ

டார்க்ரூமில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான். நெகட்டிவ் கழுவி, பிரிண்ட் போட்டு, முகத்தில் உள்ள பருவைப் பென்சில் முனையால் மறைத்துக் கொடுத்துப் பிழைத்தவன். யாராவது ஒரு படத்தை நீட்டினால் "அழகாயிருக்கே" என்று எனக்கு வாயில் வராது. "எங்கே ஒட்டியிருக்கான்?" என்றுதான் வரும். விண்வெளியிலிருந்து எடுத்த பூமி என்று போனில் வந்து விழும் படங்களில் நிறைய ஒட்டுவேலைதான். மேகமே இல்லாத பூமியை எவன் பார்த்தான்?

அந்தச் சந்தேகத்தோடுதான் வேர்ல்ட்வியூவையும் திறந்தேன். நாசா நடத்துகிற தளம். காசு கிடையாது, பெயர், மெயில் என்று எதையும் கேட்பதில்லை. திறந்ததும் உலக வரைபடம் மாதிரி ஒன்று வருகிறது. கிட்டப் போனால், அது அன்றைக்குச் சாட்டிலைட் எடுத்த படம். கீழே ஒரு காலக்கோடு. அதைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால் இந்தத் தினசரிப் படங்கள் 2000 பிப்ரவரி 24-இல் போய் நிற்கும். டெரா சாட்டிலைட்டில் உள்ள மோடிஸ் என்ற கருவி வேலையை ஆரம்பித்த நாள் அது. அங்கிருந்து நேற்று வரைக்கும், ஏறக்குறைய எல்லா நாளும் அதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் தளத்தின் சரக்கே இந்தத் தேதிகள்தான். படம் எங்கேயும் கிடைக்கும்.

எனக்கு நம்பிக்கை வந்தது கறுப்பு ஓட்டைகளைப் பார்த்து. நிலநடுக்கோட்டை ஒட்டி, கண் வடிவத்தில், வரிசையாகக் கறுப்பு இடைவெளிகள். முதலில் நெட் சரியில்லை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. டெரா சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 99 நிமிஷம். ஒவ்வொரு சுற்றிலும் 2,330 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையைப் படம்பிடிக்கிறது. பூமியின் இடுப்புச் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு நாள் பட்டைகளை வரிசையாக அடுக்கினாலும் அங்கே எட்டாது. துருவப் பக்கம் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், நடுவில் மட்டும் இடைவெளி விழும். எங்கள் தொழிலில் இப்படி ஓட்டையோடு பிரிண்ட் கொடுத்திருந்தால் முகத்திலேயே விட்டெறிந்திருப்பார்கள். இவர்கள் நேற்றைய துண்டை எடுத்து ஒட்டி மறைக்கவில்லை. எடுக்காததை எடுக்காத மாதிரியே வைத்திருக்கிறார்கள். கறுப்பு பிடிக்காதவர்கள் விர்ஸ் என்ற இன்னொரு கருவியின் லேயருக்கு, அதாவது வரைபடத்தின் மேல் விரிக்கிற படத்தாளுக்கு, மாறிக்கொள்ளலாம். அதன் பட்டை 3,000 கிலோமீட்டருக்கும் மேல் அகலம், இடைவெளியே வராது.

ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன். கடலுக்கு நடுவில் ஈயம் பூசியது போல நீளமாக ஒரு சாம்பல் பட்டை. கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிவிட்டது என்று முடிவு கட்டி, மருமகனுக்கு அனுப்பி, "உடனே பார்" என்று போனும் போட்டேன். அவர் பொறுமையாக, "மாமா, பக்கத்துப் பட்டையையும் பாருங்க, அதுக்கு அடுத்ததையும் பாருங்க" என்றார். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே ஈயம். சூரியன் கடலில் பட்டு நேராகக் கருவிக்குள் திரும்புகிற வெளிச்சம் அது. கண்ணாடி போட்டவரை ஃபிளாஷ் அடித்து எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் வெள்ளையாக விழுமே, அதே கதை. இத்தனை வருஷம் அதைத் தவிர்க்க ஆட்களின் தாடையைப் பிடித்துத் திருப்பியவன் இதில் மாட்டியது வெட்கம்தான்.

லேயர்களின் பெயர்கள் புதிதாக வருபவரை மிரட்டும். "7-2-1" என்றால் என்ன நினைப்பது? மோடிஸில் மொத்தம் 36 அலைவரிசைகள். அவற்றில் எந்த மூன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். 7, 2 இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இந்த லேயரில் காடு பளிச்சென்ற பச்சையாகவும், பனி வெளிர்நீலமாகவும், எரிந்த நிலம் செங்கல் நிறத்திலும் விழுகிறது. சாதாரண வண்ணத்தில் புகையைத் தவிர எதுவும் தெரியாத இடத்தில், இதற்கு மாற்றினால் தீ எதுவரைக்கும் தின்றது என்று ஓரம் பிரிகிறது. ஸ்டுடியோவில் இப்படி நிறம் மாறினால் கெமிக்கல் கெட்டுவிட்டது என்று தொட்டியைக் கவிழ்ப்போம்.

தீப்புள்ளி லேயரில் மட்டும் நிதானம் வேண்டும். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி, அத்தனை பெரிய தீ அல்ல. அந்தக் கட்டத்துக்குள் எங்கேயோ சூடு தெரிந்தது என்று மட்டும் அர்த்தம். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கண்டமே தணலாக எரிவது போல ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு மாதத்துத் தீப்புள்ளிகளை ஒன்றாகக் கொட்டி வரைந்த கணினிப் படம் அது. விண்வெளியில் எடுத்த போட்டோ என்றே பலர் அனுப்பினார்கள். தீ பெரியதுதான், பொய்யில்லை. அந்தப் படம்தான் போட்டோ இல்லை.

நான் அதிகம் உட்கார்ந்திருப்பது ஒப்பீட்டு வசதியில். இரண்டு தேதிகளைக் கொடுத்தால் நடுவில் ஒரு கோடு நிற்கும். திரைச்சீலை மாதிரி இழுக்கலாம். மத்திய ஆசியாவில் உள்ள ஆரல் கடலுக்கு 2000 ஆகஸ்டும் 2014 ஆகஸ்டும் போட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-களில் ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்தி வயலுக்குத் திருப்பினார்கள், அதிலிருந்து வற்றல். கோட்டை இடப்பக்கம் தள்ளினால் தெற்குப் பகுதியின் கிழக்குப் பாதி காணாமல் போகிறது. வலப்பக்கம் இழுத்தால் தண்ணீர் திரும்பி வருகிறது. ஒரு வருஷம் விடாமல் தட்டிக்கொண்டே போனால் வேறு கதை தெரியும்: 2009-இல் கிட்டத்தட்ட வற்றி, 2010-இல் கொஞ்சம் திரும்பி, 2014-இல் அடியோடு போகிறது. காய்ந்த தரையிலிருந்து உப்புப் புழுதி வெள்ளையாகக் கிளம்பும் நாட்களும் அகப்படும். வடக்குத் துண்டு மட்டும் தாக்குப்பிடிக்கிறது, 2005-இல் கோக்-ஆரல் அணை கட்டியதால்.

2020 ஜூன் மாதத்தையும் ஒரு நாள் விடாமல் தட்டிப் பாருங்கள். சகாராப் புழுதி ஆப்பிரிக்கக் கரையை விட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி கரீபியன் வரைக்கும் போகும்.

பனிப்பாறை ஏ-68 அண்டார்டிகாவின் லார்சன் சி பனித்தட்டிலிருந்து பிரிந்தது 2017 ஜூலையில், 5,800 சதுர கிலோமீட்டர். ஆனால் அப்போது அங்கே குளிர்கால இருட்டு, சாதாரண லேயரில் அந்த இடம் வெறும் கறுப்பு. வெப்பம் காட்டும் லேயருக்கு மாறினால் சில்லிட்ட பனிக்கு நடுவே விரிசல் கோடாகத் தெரிகிறது. டார்க்ரூம் சிவப்பு பல்புகூட இல்லாமல் எடுத்த படம்.

முழு உருண்டையும் ஒரே சட்டத்தில் வேண்டுமென்றால் இது சரிப்படாது, எபிக் கேமராவின் படங்களுக்குப் போக வேண்டும். அது பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. 2015 ஜூலையில் பூமிக்குக் குறுக்கே நிலா போவதை எடுத்திருக்கிறார்கள். நிலாவின் வலது ஓரத்தில் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக, சுமார் 30 விநாடி இடைவெளியில் எடுத்துச் சேர்ப்பதால், அதற்குள் நிலா நகர்ந்துவிட்ட கோடு அது. நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது அந்தக் கோட்டைத்தான்.

குறைகள் உண்டு. "என் வீடு தெரியுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், தெரியாது. மோடிஸ் படத்தில் மிகச் சிறிய புள்ளியே 250 மீட்டர். நேரலையும் இல்லை, எடுத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் வரும். என் பழைய போன் இரண்டு லேயருக்கு மேல் போட்டால் மூச்சு வாங்குகிறது, கணினியில் பார்ப்பதே நல்லது. டெராவுக்கும், இன்னொரு மோடிஸைச் சுமக்கிற அக்வா சாட்டிலைட்டுக்கும் வயதாகிவிட்டது. எரிபொருளை மிச்சம் பிடிக்க வேண்டியிருப்பதால் சுற்றுப்பாதை மெல்ல நழுவுகிறது. முன்பெல்லாம் காலை பத்தரை வாக்கில் நிலநடுக்கோட்டைக் கடந்த டெரா இப்போது அதற்கு முன்பே கடக்கிறது. அதனால் நிழல் நீளம். பழைய படத்தோடு புதியதை ஒப்பிடும்போது இதை மனதில் வைக்கவும். வெளிச்சம் மாறினால் முகமே மாறும் என்பதை என்னிடம் யாரும் வாதாட வேண்டாம்.

கடையை மூடிய தேதியை ஒரு ராத்திரி போட்டுப் பார்த்தேன். 2009 மார்ச் 31. அன்றைக்கு என்லார்ஜரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். டெரா படத்தில் சரியாக எங்கள் தலைக்கு மேல் கறுப்பு ஓட்டை. மத்தியானம் கடக்கிற அக்வாவுக்கு மாற்றினேன், ஒரே மேகம். விர்ஸைத் தேடினால், முதல் விர்ஸே 2011-இல்தான் மேலே போயிருக்கிறது. ஏப்ரல் 1-ஐத் தட்டினேன். ஒரு மேகம் இல்லாமல், பளிச்சென்று இருந்தது.