ட்ரெல்லோ: முடிவெடுக்கத் தயங்கும் மேனேஜருக்கு உதவுமா?

வேலைப் பட்டியலுக்காகத்தான் பலரும் ட்ரெல்லோ என்ற ஆன்லைன் செயலியைத் திறக்கிறார்கள். மேனேஜருக்கு அதைவிட உருப்படியான உபயோகம், இழுத்துக்கொண்டே போகும் முடிவுகளுக்கென்று தனி போர்டு. அந்தப் பலகையில் மூன்று லிஸ்ட் (பத்திகள்) போதும்: 'முடிவு பாக்கி', 'சோதனையில்', 'முடிந்தது'. நான்காவதாக 'யோசிக்க வேண்டியவை' என்று ஒன்று வைத்தீர்களோ, எல்லாம் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

லிஸ்டில் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கார்டு. அதற்கு 'புது வெண்டர்' என்று பெயர் வைக்காதீர்கள். 'பேக்கிங் வேலையைப் புது வெண்டருக்குக் கொடுக்கலாமா?' என்று கேள்வியாகவே எழுதுங்கள். பொறுப்பாளர் ஒரே ஆள். மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவுக்குப் பச்சை லேபிள், கெடு இரண்டு நாள். நீண்டகால ஒப்பந்தம் மாதிரி எளிதில் பின்வாங்க முடியாததற்குச் சிவப்பு, இரண்டு வாரம். செக்லிஸ்டின் முதல் வரி அரை மணியில் முடிகிற வேலையாக இருக்கட்டும்: 'மாதிரிக்கு 50 பெட்டி கேள்'.

அசத்தல் 'கார்டு ஏஜிங்' பவர்-அப்தான் (போர்டில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி). ஒரு வாரம் தொடாத கார்டு மங்கும். இரண்டாம், நான்காம் வாரங்களில் இன்னும் மங்கும். ஆனால் சும்மா ஒரு கமெண்ட் போட்டாலே பழையபடி பளிச்சென்று ஆகிவிடும். கெடுவைத் தள்ளினாலும் ட்ரெல்லோ தடுக்காது, ஆக்டிவிட்டியில் (யார் எதை மாற்றினார் என்ற குறிப்பில்) பதிவதோடு சரி. வெள்ளிக்கிழமைதோறும் அதை ஒரு பார்வை பாருங்கள். இதற்கெல்லாம் இலவசத் திட்டமே தாராளம்.