பேய்ப்படம்: இருபது வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், நீதான் பேய்ப்படமா பார்த்துத் தள்றியே, நிஜமாவே பயமா இருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லு." பதில் அடிக்க ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன், அரை மணி நேரம் கழித்து "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இருபது வருடம் ஒரே வண்டியை ஓட்டியவனிடம் மைலேஜ் கேட்டால் வாய் திறக்காமல் நிற்கிற மாதிரி இருந்தது. அதே வாரம்தான் ரிப்பேருக்குப் போயிருந்த ஸ்பீக்கரும் திரும்பி வந்தது. இரண்டும் சேர்ந்துதான் இதை எழுத வைக்கின்றன.

பேய்ப்படத்தில் எத்தனை வகை, எது யார் எடுத்தது என்றெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது, அதனால் நேராகக் குறைக்கு வருகிறேன். வருடத்துக்கு ஐம்பது அறுபது பார்க்கிறேன். பார்த்து முடித்த பிறகு நடைவழி விளக்கை அணைக்கக் கை தயங்கியது என்று சொல்ல, நல்ல வருடத்தில் ஒரு படம் தேறும். மோசமான வருடத்தில் அதுவும் இல்லை. மற்றவை மோசமான படங்கள் என்று சொல்லவில்லை, நடிப்பு நன்றாக இருக்கும், ஒளிப்பதிவு பிரமாதமாக இருக்கும், பயம் மட்டும் வராது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு நேர்மாறு. பேயே வந்து நின்றாலும் இருட்டுதான் தெரிகிறது, அதுவும் பகலில் எடுத்து இரவாக மாற்றிய இருட்டா, நிஜ இருட்டா என்று ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபது வருடமாக என்னை எரிச்சல்படுத்துவது ஒன்றே ஒன்றுதான். ஜம்ப் ஸ்கேர். படம் முழுக்கக் கிசுகிசுவென்று பேசுவார்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேட்க நாம் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவோம், அதற்காகவே காத்திருந்த மாதிரி காதுக்குள் ஒரு வயலின் கூட்டமே விழும். இதற்குப் பெயர் பயம் இல்லை, திடுக்கிடல். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, ஆனாலும் படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லாரும் ஒன்றாகவே புழங்குகிறோம். எதிர்பாராத பெருஞ்சத்தம் கேட்டால் கண் இமைக்கும் நேரத்துக்குள் இமை தானாக மூடத் தொடங்கிவிடுகிறது, மூளை யோசித்து எடுக்கிற முடிவு இல்லை அது. பின்னால் வந்து பேப்பர் பையை ஊதி உடைத்தாலும் இதே விளைவுதான் கிடைக்கும். இதயத் துடிப்பை அளந்து "உலகின் பயங்கரமான படங்கள்" என்று பட்டியல் போடுகிறார்களே, அதைப் பார்த்தாலும் எனக்கு இதே கோபம் வரும். மாடிப்படி ஏறினாலும்தான் துடிப்பு கூடுகிறது.

இந்த உத்தி பிறந்த கதை தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது. 1942இல் ழாக் தூர்னர் இயக்கி வால் லூட்டன் தயாரித்த கேட் பீப்பிள் என்ற படம். இரவில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள், பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம் தொடர்ந்து வருகிறது. திடீரென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. அதுவரை சத்தம்தான் பயம், இப்போது சத்தம் இல்லாததுதான் பயம். முன்னால் போகிறவள் ஓட ஆரம்பிக்கிறாள், சட்டென்று சீறிக்கொண்டு திரைக்குள் வருகிறது... ஒரு பேருந்து. அவ்வளவுதான். சினிமாக்காரர்கள் இன்றைக்கும் இந்த உத்தியை லூட்டன் பேருந்து என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் காட்சியில் வேலை செய்தது பேருந்து வந்த அந்த ஒரு நொடியா, அதற்கு முன்னால் போன மௌனமா? எனக்குச் சந்தேகமே இல்லை, மௌனம்தான். பிறகு படம் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், மௌனத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பழகியவனுக்கு அந்தத் திடுக்கிடலும் மிஞ்சுவதில்லை. குளியலறை அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்தால், மூடும்போது பின்னால் ஒருவர் நிற்பார். நின்றால் ஜம்ப் ஸ்கேர், நிற்காவிட்டால் "பழகியவனை ஏமாற்றும்" ஜம்ப் ஸ்கேர், அடுத்த திருப்பத்தில் வரும். நான் வாய்க்குள்ளேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன், நான்குக்குள் வந்துவிடும். தங்கை என்னோடு படம் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். "பேய் வந்தா பரவால்ல, நீ எண்ணாத" என்றாள்.

சரி, ஸ்பீக்கருக்கு வருகிறேன். அடித்தொனி ஒலிகளுக்கான சப்-ஊஃபர் பெட்டியில் ஏதோ கரகரப்பு வந்ததால் மொத்தத்தையும் ரிப்பேருக்குக் கொடுத்தேன், திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை டிவியின் சொந்த ஸ்பீக்கர்தான், தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற சத்தம். புதுப் படத்தை அதில் பார்த்து வீணாக்க மனமில்லாமல், ஏற்கெனவே பார்த்தவற்றையே சத்தத்தைக் குறைத்து வைத்துத் திரும்பப் பார்த்தேன். திட்டம் போட்டுச் செய்த சோதனை இல்லை, சோம்பல்தான். ஆனால் மூன்றாவது இரவிலேயே ஒன்று புரிந்துவிட்டது. கடந்த பத்து வருடத்தில் நான் மதிப்பெண் வாரி வழங்கிய ஏழெட்டுப் படங்கள் அந்தத் தகர டப்பாவில் காற்றுப் போன பலூன் ஆகிவிட்டன. பெயர் சொல்லவில்லை, சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். சத்தத்தை எடுத்துவிட்டால் முகத்தில் மாவு பூசிய ஒருவர் கேமராவைப் பார்த்து வாயைத் திறக்கிறார், அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து நின்றவையும் இருந்தன. 2001இல் கியோஷி குரோசாவா எடுத்த கைரோவில் (புகழ்பெற்ற இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கு உறவு இல்லை, ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது) ஒருவன் ஓர் அறைக்குள் போவான், மறுகோடிச் சுவரோரம் ஒரு பெண் நிற்பாள், மெதுவாக இவனை நோக்கி நடந்து வருவாள். வழியில் ஒரு இடத்தில் அவள் உடம்பு மடங்கித் தடுமாறும், விழப்போகிறாள் என்று நினைப்போம், விழாமல் தொடர்ந்து வருவாள். பாய்வதில்லை, கத்துவதில்லை. நான்காவது தடவை பார்க்கிறேன், தடுமாறும் இடம் எது என்று நிமிடக் கணக்கில் தெரியும், இருந்தும் ரிமோட்டைத் தேடி இருட்டில் கை அலைகிறது. இங்கே எண்ணிப் பயனில்லை, எண்ணுவதற்கு எதுவும் "வரப்போவதில்லை", ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. 1961இல் வந்த ஜாக் கிளேட்டனின் தி இன்னசென்ட்ஸில் ஏரிக்கு அக்கரையில், நாணல் நடுவே, கறுப்பு உடையில் ஒருத்தி சும்மா நிற்பாள். பகல் வெளிச்சம். அவள் ஒன்றுமே செய்யவில்லை. நிற்கிறாள், அதுதான் பிரச்சினை.

இந்த இடத்தில் "ஆகவே சத்தமில்லாத பயமே உண்மையான பயம்" என்று முடித்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். ராபர்ட் வைஸ் விடவில்லை. வெஸ்ட் சைட் ஸ்டோரிக்கும் தி சவுண்ட் ஆஃப் மியூசிக்குக்கும் நடுவில், 1963இல், அவர் எடுத்த தி ஹாண்டிங்கில் பேயைக் காட்டவே மாட்டார்கள், சுவரைத் தட்டுகிற சத்தமும் உள்பக்கமாகப் பிதுங்குகிற ஒரு கதவும்தான். தகர டப்பாவில் அந்தப் படம் செத்துக் கிடந்தது, யாரோ பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கர் வந்த அன்றிரவே மறுபடி போட்டேன், அந்தக் கதவு பிதுங்கும்போது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. வைஸ் அதே லூட்டனிடம் வேலை செய்தவர், மௌனத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போன சிலரில் ஒருவர் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். ஹாலோவீன் 1978 விஷயத்தில் சமாளிக்கவும் முடியவில்லை. அதை இயக்கிய ஜான் கார்பென்டரே சொல்லியிருக்கிறார்: இசையும் ஒலிகளும் சேர்க்காத பிரதியை ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம், அவருக்குத் துளியும் பயம் வரவில்லையாம், அப்புறம்தான் இசையால் படத்தைக் காப்பாற்ற முடிவு செய்தாராம்.

நியாயமாகப் பேசுவதானால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பார்த்ததிலேயே சிறந்த காட்சிகளில் ஒன்று சுத்தமான ஜம்ப் ஸ்கேர். எக்ஸார்சிஸ்ட் மூன்றாம் பாகம், 1990, மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே இயக்கியது. மருத்துவமனையின் நீண்ட நடைவழி, கோடியில் இரவுப்பணி நர்ஸ், தூரத்தில் அசையாமல் நிற்கும் கேமரா. காவலர் வருகிறார், போகிறார். நர்ஸ் ஒரு கதவைப் பூட்டிப் பார்க்கிறாள். நாம் அலுத்துப்போய், "அட, காட்சி முடிஞ்சுது" என்று தோளைத் தளர்த்துகிற அந்தக் கணத்துக்காக அவ்வளவு நேரமும் காத்திருந்திருக்கிறார் மனிதர். மற்றவர்கள் காதில் அடிக்கிறார்கள், இவர் முதலில் என் எண்ணிக்கையைத் தோற்கடித்தார். இருபத்தேழு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன், நிறுத்தியது தப்பு.

தேடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நண்பன் கேட்டது அதைத்தானே. "இதுவரை வந்ததிலேயே பயங்கரமான" பட்டியல்களை நம்பாதீர்கள், அதே பதினைந்து படம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரீமிங்கில் "உங்களுக்காக" என்று காட்டுவதை அதைவிட நம்பாதீர்கள், நேற்று பார்த்த போஸ்டரின் நிறத்தைப் பார்த்து இன்றைய போஸ்டரை நீட்டுகிறதோ என்று சந்தேகம். பழக்கமில்லாத சினிமாவுக்குள் போவது கொஞ்ச காலம் உதவும். ஜப்பானிய இயக்குநர் ஹிடியோ நகாடாவின் ரிங்கு 1998இல் வந்தபோது வெளியுலகத்தை உலுக்கியதற்கு அதுவும் காரணம், அந்தப் பேயின் இலக்கணம் நமக்குத் தெரியாது. நடிகையைப் பின்பக்கமாக நடக்கவைத்து, படத்தை மறுதிசையில் ஓட்டியிருக்கிறார்கள், அதனால் அந்த நடையில் எது தப்பு என்று சொல்ல வராமல் கண் தடுமாறும். அப்புறம் நீளமுடிப் பெண் இல்லாத படமே இல்லை என்றாகி, இப்போது முடி தெரிந்தாலே சிரிப்பு வருகிறது.

எனக்கு ஓரளவு பலன் தந்தது ஒரே ஒரு வழிதான். "எது பயமா இருக்கும்" என்று யாரையும் கேட்பதை விட்டுவிட்டேன். "ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா எந்தக் காட்சி ஞாபகம் வருது" என்று கேட்கிறேன். முதல் கேள்விக்குப் பட்டியல் வரும், இரண்டாவதற்கு ஒரு நிமிட மௌனமும் அப்புறம் ஒரு பெயரும் வரும், அந்தப் பெயர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இருக்காது. லேக் மங்கோ எனக்கு அப்படித்தான் கிடைத்தது. 2008, ஆஸ்திரேலியா, ஜோயல் ஆண்டர்சன். நீரில் மூழ்கி இறந்துபோன பெண்ணின் குடும்பத்தைப் பேட்டி எடுக்கிற ஆவணப்படம் மாதிரியே போகும், பாதி நேரம் இது பேய்ப்படமா சோகப்படமா என்றே தெரியாது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அதைத்தான் நண்பனுக்கும் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது. "இருபது நிமிஷமா பேட்டிதான் போகுது, பேய் எப்ப வரும்?" அப்புறம் தூங்கிவிட்டானாம். கூடவே ஒரு செய்தி, வேறு ஏதோ ஒரு படம் போட்டானாம், வீடே எழுந்துகொள்ளக் கத்தினானாம், செம படமாம், நானும் பார்க்க வேண்டுமாம். பார்த்தேன். எண்ணினேன். மூன்றிலேயே வந்துவிட்டது.

இன்றைய மனநிலையில் பேய்ப்படம் என்கிற சாதனத்துக்கு மதிப்பெண் போட்டால் ஐந்துக்கு இரண்டு. மேலே புகழ்ந்ததெல்லாம் உண்மை, ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வருடத்துக்கு ஐம்பதைப் போட்டு ஒன்றை எடுக்கிற எந்தச் சாதனத்தையும் வேறு யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு சுமாரான படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அமைதியான காட்சிகளில் மட்டும் வலது பக்கத் தரையோரம் நகத்தால் சுரண்டுகிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது. என்ன அருமையான ஒலி வடிவமைப்பு என்று வியந்து, பின்னால் ஓட்டிப் போட்டால் அதே இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி வந்தது. படத்தை நிறுத்தினேன், ஒன்றும் இல்லை. ஓடவிட்டேன், வந்தது. எழுந்து விளக்கைப் போட்டு, சோபாவுக்கு அடியில் பார்த்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் படுத்தேன், தூக்கம் வர மூன்று மணி ஆயிற்று. இந்த வருடத்தின் அந்த ஒரு படம் அதுதான் என்று எழுதியும் வைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கும்போது பழுது பார்த்தவர் காரணத்தைச் சொன்னார். பெட்டிக்குள் ஒரு திருகு கழன்று கிடந்ததாம், அடியில் ஓடுகிற மெல்லிய உறுமல் ஒலிக்கு மட்டும் அது அதிர்ந்து சுரண்டுமாம், சத்தமான காட்சியில் அமுங்கிப்போகும், அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை என்றார். முடுக்கிவிட்டார். இப்போது துல்லியமாகக் கேட்கிறது, ஒரு குறையும் இல்லை.

முடுக்கச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.