எட்டு ஆண்டு மலைச் சைக்கிள், ஐந்து ஆண்டு ஆஃப்-ரோடு பைக்: தேய்ந்தவையும் மாற்றியவையும்

2017 ஜூனில் வாங்கிய மலைச் சைக்கிள் ஒன்றையும் 2020 கடைசியில் வாங்கிய ஆஃப்-ரோடு மோட்டார் சைக்கிள் ஒன்றையும் கோவைக்கு மேற்கே, மருதமலை அடிவாரத்திலிருந்து சிறுவாணிச் சாலை வரையுள்ள மண் பாதைகளில் ஓட்டி வருகிறேன். மாதத்துக்கு ஒருமுறையாவது இரண்டில் ஒன்று கோத்தகிரி ஏறி இறங்கும். சைக்கிள் ஏறத்தாழ 19,000 கிலோமீட்டரும் பைக் 41,000 கிலோமீட்டரும் ஓடியிருக்கின்றன. எந்த நிறுவனம், எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. இந்த அனுபவம் தேய்கிற உறுப்புகளைப் பற்றியது. இந்த விலையில் கிடைக்கும் வண்டிகள் எல்லாவற்றிலும் அந்த உறுப்புகள் ஏறக்குறைய ஒரே வகைதான். சைக்கிளில் அலுமினியச் சட்டம், 27.5 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்றும் பின்னால் ஒன்பதுமாகப் பல்சக்கரங்கள், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்பக்கம் மட்டும் ஷாக் ஃபோர்க். பைக்கில் 21 அங்குல முன்சக்கரம், கம்பி வைத்த ரிம், பின்னால் ஒற்றை ஷாக்.

முதலில் செயின். எட்டு ஆண்டுகளில் சைக்கிளுக்கு இப்போது ஓடுவது ஏழாவது செயின். முதல் செயினை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சத்தமில்லாமல் ஓடுகிறது, எண்ணெய் விட்டால் போதும் என்று நினைத்து 4,500 கிலோமீட்டர் வரை ஓட்டினேன். பிறகு புதுச் செயின் போட்டதும் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்த முதல் நொடியிலேயே செயின் பல்லைத் தாவியது. மேல்குழாயில் முழங்கால் இடித்து வீங்கி, வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். கடையில் கழற்றிப் பார்த்தபோது பின்பக்கத்தில் நான் அதிகம் பயன்படுத்திய இரண்டு பல்சக்கரங்களின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாத் துடுப்பு போல இருந்தன. செயின் ‘நீள்கிறது’ என்று சொல்வது வழக்கமே தவிர, இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு ஊசியும் அது சுழலும் துளையும் மயிரிழையளவு தேய்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அந்தத் தேய்மானம் சேர்ந்துகொண்டே போகிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்கார்ந்து, பல்லையும் தன் அளவுக்கே தேய்த்துவிடுகிறது. அதனால்தான் பழைய செயின் பழைய பல்லோடு ஒத்துப்போய்ச் சத்தமில்லாமல் ஓடியது.

அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை, ஓர் இரும்பு அளவுகோல் போதும். புதுச் செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆகவே ஓர் ஊசியின் நடுவில் சுழியத்தை வைத்தால் 24 இடைவெளி தள்ளியிருக்கும் ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழும். அது கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் தேய்மானம் ஏறத்தாழ 0.5 சதவீதம். ஒன்பது கியர் செயினை 0.75 சதவீதத்திலும் பதினொன்று, பன்னிரண்டு கியர் செயின்களை 0.5 சதவீதத்திலும் மாற்றிவிட வேண்டும். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு பின்பல் தொகுப்பு மூன்று செயின்களுக்குத் தாங்குகிறது. பின்பல் தொகுப்பு செயினைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை என்பதால், அளவுகோலுக்குச் செலவழிக்கும் இரண்டு நிமிடம் வீணில்லை.

எண்ணெய் விஷயத்தில் நான் நெடுநாள் செய்த தவறு, செயின் பளபளவென்று நனைந்திருக்க வேண்டும் என்று நினைத்ததுதான். வெளித் தகட்டில் இருக்கும் எண்ணெய்க்கு வேலை எதுவும் கிடையாது; அது செம்மண் தூசியைப் பிடித்து உப்புத்தாள் போல அரைக்கும் பசையாகிவிடுகிறது. இப்போது ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு வீதம் இரவில் விட்டு, காலையில் பழைய பனியனால் துடைக்கிறேன், துணியில் கறை ஒட்டுவது குறையும் வரை. 1880 இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை பெற்ற உருளைச் செயினில் ஊசிக்கும் உருளைக்கும் நடுவே புஷ் என்ற தனிக் குழாய் உண்டு. இன்றைய கியர் சைக்கிள் செயின்களில் அந்தக் குழாயை எடுத்துவிட்டுத் தகட்டின் விளிம்பையே அதற்குப் பதிலாக வளைத்திருக்கிறார்கள். அதனால் எண்ணெய் எளிதாக உள்ளே போகிறது. மண்ணும் அதே வழியாகப் போகிறது.

பைக் செயினில் புஷ் அப்படியே இருக்கிறது. கூடவே ஊசியைச் சுற்றிக் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. அதைப் பெட்ரோலால் கழுவியதும் கம்பித் தூரிகையால் தேய்த்ததும் முதல் ஆண்டில் நான் செய்த பிழைகள். 14,000 கிலோமீட்டரிலேயே இரண்டு மூன்று இணைப்புகள் மடங்கியபடி நிமிராமல் நின்றுவிட்டன. இரண்டாம் செயினை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து 90 கிரேடு கியர் ஆயில் விட்டு வருகிறேன்; 27,000 கிலோமீட்டரைக் கடந்து இன்னும் ஓடுகிறது. செயின் தளர்வை மட்டும் ஊர் மெக்கானிக்குகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது. சாலை பைக்கைப் போல விண்ணென்று இறுக்கிவிடுவார்கள். பின்சக்கரம் அதிக தூரம் ஏறி இறங்கும் வண்டியில், முன் பல்சக்கரமும் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) அச்சும் பின் அச்சும் ஒரே கோட்டில் வரும்போது செயினுக்கு அதிக நீளம் தேவைப்படுகிறது. ஸ்டேண்டில் நிற்கும்போது இறுக்கமாக இருந்தால், பள்ளத்தில் ஷாக் அமுங்கும்போது அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கின் மேல்தான் விழும்.

இந்த ஏற்ற இறக்கத் தூரம்தான் ஆஃப்-ரோடு பைக்கின் வரலாற்றில் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1924 இல் நடந்த ஸ்கிராம்பிள் பந்தயத்திலிருந்து மோட்டோகிராஸை, அதாவது மண்பாதை மோட்டார் சைக்கிள் பந்தயத்தை, எண்ணுவார்கள். கனமான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளை இலேசான இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் ஓரங்கட்டின. 1968 இல் யமஹா தந்த 250 சிசி டிடி-1, பந்தயக்காரர் அல்லாதவரும் கடையில் வாங்கி மண்ணில் ஓட்டலாம் என்ற நிலையை அமெரிக்காவில் உண்டாக்கியது. இருந்தாலும் 1970களின் தொடக்கத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கிய தூரம் 4 அங்குலம் அளவில்தான் இருந்தது. பெல்ஜியத்துப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் இரண்டு ஷாக்குகளை எடுத்துவிட்டு, முக்கோண ஸ்விங் ஆர்மையும் டேங்குக்கு அடியில் படுத்த நிலையில் ஒற்றை ஷாக்கையும் வைத்தார். யமஹா அதை எடுத்துக்கொண்டது. 1973 இல் அதே அமைப்புள்ள வண்டியில் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். பிறகு பத்தாண்டுக்குள் அந்த 4 அங்குலம் 12 அங்குலமாகியது. 1980ஐ ஒட்டி கவாசாகி, சுசுகி, ஹோண்டா மூன்றும் ஷாக்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே நெம்புகோல் இணைப்பை வைத்தன. சிறு கல்லுக்கு இளகிக் கொடுத்து, பெரிய குதிப்புக்கு விறைத்து நிற்கும் குணம் அதில் வந்தது.

இந்தியாவில் இப்படிப்பட்ட பைக் கடையில் கிடைக்க நெடுநாள் ஆயிற்று. 2011 இல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. அதை வாங்க ஆளில்லாமல் சில ஆண்டுகளில் நின்றது. 2016 இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் 2019 இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200ம் வந்தபின்தான் சாதாரணச் சம்பளக்காரருக்கு 21 அங்குல முன்சக்கரமும் 190, 200 மி.மீ. முன் ஃபோர்க் பயணமும் எட்டின.

சைக்கிளின் ஷாக் ஃபோர்க் இந்தக் குடும்பத்தின் அடுத்த பிள்ளை. 1989 வாக்கில் முதல் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கை உருவாக்கிய பால் டர்னர், அதற்கு முன் ஹோண்டா மோட்டோகிராஸ் அணியில் மெக்கானிக்காக இருந்தவர்; ஃபாக்ஸ் நிறுவனமும் 1974 இல் மோட்டோகிராஸ் ஷாக்குகளில் தொடங்கியதுதான். அந்த முதல் ஃபோர்க்கின் பயணம் 2 அங்குலம் கூட முழுதாக இல்லை. என் சைக்கிளின் ஃபோர்க் 100 மி.மீ.; ஆனால் அதைப் பற்றிச் சொல்ல நல்லதாக அதிகமில்லை. வாங்கிய இடத்தில் “இதுக்கு எந்த சர்வீசும் வேண்டியதில்ல” என்றார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது ஃபோர்க் பாதியில் பிடித்துக்கொண்டது. கீழ்க்காலைக் கழற்றிச் சாய்த்தபோது தேநீர் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஸ்பிரிங் முழுக்கத் துரு, கிரீஸ் இருந்ததற்கு அடையாளமே இல்லை. கழுவி, துருவை எடுத்து, நல்ல கிரீஸ் வைத்துப் போட்டதில் ஒரு கால் இன்றும் இலேசாகக் கரகரக்கிறது. அதன்பின் ஆண்டுக்கு இருமுறை, ஆடிக் காற்றுக்கு முன்பும் ஐப்பசி மழைக்குப் பின்பும் திறந்து கிரீஸ் வைக்கிறேன். ஒரு மாலை நேர வேலைதான்.

பைக் ஃபோர்க்கில் ஒரு சின்ன வித்தை என் பணத்தைக் காத்தது. காய்ந்த சேறு குழாயில் ஒட்டியிருக்க, அது ஆயில் சீலின் உதட்டுக்குள் போய் உட்கார்ந்து எண்ணெய் கசியத் தொடங்கும். சீல் கிழிந்துவிட்டது என்று எண்ணி மாற்றிவிடுவார்கள். தூசி மூடியை மேலே தள்ளிவிட்டு (பைக்கில் அது குழாயோடு வழுக்கி ஏறும்), மெல்லிய பிலிம் துண்டு ஒன்றைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே மாட்டிய மணல் வெளியே வந்துவிடும். அப்பாவின் பழைய கேமரா நெகட்டிவ் ஒன்றை இதற்காக வெட்டினேன். வெட்டிய பிறகுதான் அதில் என் காதுகுத்து இருந்தது தெரிந்தது. கசிவு நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பிரேக்கில் சொல்ல வேண்டியது குறைவு. சைக்கிளின் ஷிமானோ பிரேக்கில் மினரல் ஆயில், பைக்கில் டாட் 4 என்ற பிரேக் திரவம். இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சைக்கிள் செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடித்ததில் டிஸ்கில் சிதறி ஒரு ஜோடி பிரேக் கட்டைகள் பாழாயின. கோத்தகிரி இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கப் பழகியபோது, கலிபோர்னியாவில் ஃபேர்பாக்ஸ் ஊருக்கு மேலே 1976 இல் தொடங்கிய சைக்கிள் இறக்கப் பந்தயம் நினைவுக்கு வரும். பழைய கனத்த சைக்கிள்களில் மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரையும் மாட்டிக்கொண்டு இறங்கியவர்களின் பின் ஹப் (சக்கரத்தின் மையம்) பிரேக்கில் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பின்னும் திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்றே பெயராயிற்று. மலைச் சைக்கிள் அங்கேதான் உருவெடுத்தது.

ஹப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனெனில் இந்தச் சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அதுதான். அச்சில் திருகும் கூம்பு வடிவக் கோனும் குண்டும் வைத்த பழைய பாணி. முன்னால் பக்கத்துக்குப் பத்துச் சிறு குண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டு. வடவள்ளியில் ஐம்பது ஆண்டாகச் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதைக் கற்றேன். ஓவர்ஹால் என்ற ஆங்கிலச் சொல் நம் ஊர்க் கடைகளில் ஓவராயிலிங் ஆகிவிட்டது. எண்ணெயும் கிரீஸும் புரளும் வேலை என்பதால் இந்தப் பெயர்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. குண்டுகளை ஒரு தட்டில் கொட்டி, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, மங்கிப்போனவற்றை ஒதுக்கச் சொன்னார். “தம்பி, அச்ச வெரல்ல புடிச்சு சுத்திப் பாருங்க. கரகரன்னு தட்டுச்சுன்னா கோன் இறுக்கமுங்க. ஆடுச்சுன்னா லூசுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குது, அது கைக்குத்தான் தெரியும்.” குயிக் ரிலீஸ் வைத்த அச்சில் இன்னும் ஒன்று உண்டு: கையில் சிறிதளவு ஆட்டம் இருக்கும்படி விட வேண்டும், சட்டத்தில் மாட்டி நெம்பை மடக்கும்போது அந்த ஆட்டம் தானே மறையும். பின் ஹப்பின் கோனை மட்டும் 2022 இல் மாற்றினேன். குண்டுகள் ஓடும் கிண்ணம் இன்னும் கண்ணாடி போல இருக்கிறது. நண்பரின் விலை கூடிய சைக்கிளில் அடைத்த பேரிங். கெட்டால் தட்டி எடுத்துப் புதிது போட வேண்டும், அதற்குரிய அளவு பேரிங் கிடைக்க அவர் இரண்டு வாரம் காத்திருந்தார்.

கம்பிச் சக்கரம் இரண்டு வண்டிக்கும் பொது. அலாய் சக்கரம் கல்லில் மோதினால் விரிசல் விடலாம்; கம்பிச் சக்கரம் வளைந்து கொடுத்து, பிறகு கம்பியை இறுக்கும் நிப்பிள் சாவியால் கோட்டம் எடுக்கவும் இடம் தருகிறது. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது வால்வைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பைக்கில் ஒரு நாள் 15 பிஎஸ்ஐ வைத்து ஓடைக்கல்லில் ஏறி வந்த பிறகு, பின் வால்வு நேராக இல்லாமல் சாய்ந்து நின்றது; ரிம்மின் மேல் டயரே வழுக்கி டியூபையும் கூட இழுத்திருக்கிறது. இன்னும் சிறிது தூரம் போயிருந்தால் வால்வு வேரோடு அறுந்திருக்கும். இப்போது 20க்குக் கீழே போவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு மிக அதிகச் செலவு வைத்தது காடும் மேடும் அல்ல, தண்ணீர்க் குழாய். கரிசல் சேறு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இறுகிப்போன ஒரு நாளில், சாலையோர வாட்டர் சர்வீசில் பைக்கை விட்டேன். பையன் அழுத்தக் குழாயை ஹேண்டில்பாரின் கழுத்திலேயே வைத்து அடித்தான். நான் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். இரண்டு மாதம் கழித்து, முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போலப் பிடித்தது. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்) உள்ளே துருப்பிடித்துக் குண்டுகள் தடம் பதித்துவிட்டன. அதன்பின் வாளித் தண்ணீரும் தூரிகையும்தான். சேற்றைக் காயவிட்டுத் தட்டினால் பாதி தானாகவே உதிர்ந்துவிடுகிறது.

புதிதாகச் சைக்கிள் வாங்குபவர் கேட்டால், கியர் எண்ணிக்கை அதிகமா என்று பார்க்காமல் எட்டு அல்லது ஒன்பது கியரும் கோன் வைத்த ஹப்பும் உள்ளதை எடுக்கச் சொல்வேன். மலிவான ஷாக் ஃபோர்க்கைவிட விறைப்பான ஃபோர்க்கும் அகலமான டயரும் மேல். இதை எட்டு ஆண்டுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். பைக் வாங்குபவர் சீட் உயரத்தைக் கடையில் அளக்காமல், சரிவான மண்ணில் ஒரு காலை ஊன்றிப் பார்க்கட்டும்.

ஏழாவது செயினை போன ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். 12 அங்குலக் கோட்டை ஊசி இலேசாகத் தாண்டியிருக்கிறது, பதினாறில் ஒரு பங்கு இன்னும் வரவில்லை. ஐப்பசி மழை முழுவதையும் இதிலேயே ஓட்டிவிட்டு, கார்த்திகையில் மாற்ற வேண்டும். எட்டாவது செயின் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.